நீர் புகாத மூட்டு

கடற்கரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்நாட்டில், அண்ணாமலையின் அடிவாரத்தில், ஏரியையும் கிணற்றையும் நம்பி வாழும் வேங்கிக்கால் போன்ற ஓர் ஊரிலிருந்து கடலடி யந்திரங்களைப் பற்றி எழுதப் புகுவது நேயர்களிற் சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். வேங்கிக்காலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. அது ஆழ்துளைக் கிணற்றின் வழியாகச் செல்லும் சம்பந்தம்.

திருவண்ணாமலை ஜில்லாவின் பெரும்பகுதி பாறை நிலம். நூற்றுக்கணக்கான அடி துளையிட்டு, அந்தத் துளைக்குள் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கித்தான் குடியானவர் தண்ணீர் எடுக்கிறார். மோட்டாரிலிருந்து வெளிவரும் வயர் சில அடி நீளமே இருக்கும். அதை மேலிருந்து வரும் கேபிளோடு இணைத்தாக வேண்டும். மெக்கானிக் மூன்று செம்புக் கம்பிகளையும் தனித்தனியே சேர்த்து முறுக்குகிறார், ஒவ்வொன்றின்மீதும் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுகிறார், அதன்மேல் பி.வி.சி. டேப்பைச் சுற்றுகிறார். அதன் பிறகு அந்த ஜாயிண்ட் இரவு பகலாகத் தண்ணீருக்குள் கிடக்க வேண்டியதுதான். அதில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போதும். தண்ணீர் உட்புகும்; மோட்டார் நின்றுபோகும்; குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். ஆட்கூலி ஒரு புறம், வாடும் பயிர் மறு புறம். இவ்வளவும் செய்து பார்த்தால் பல வேளைகளில் மோட்டார் நன்றாகவே இருக்கும். ஜாயிண்ட்தான் போயிருக்கும்.

கடலடியிலும் நடப்பது இதுவேதான். அங்கே ஆழம் அதிகம், தண்ணீர் உப்பு, கம்பியில் ஓடுவது மின்சாரம் மட்டுமன்று, செய்தியும் கூட. இவ்வளவே வித்தியாசம். இந்த மூட்டை நம் தேசத்திலேயே செய்துகொள்ளும் திறமையை நாம் வளர்த்துக்கொள்ளப் போகிறோமா, அல்லது பிறர் தரும்வரை கைகட்டிக் காத்திருக்கப் போகிறோமா என்பதே நாம் இங்கே எழுப்பும் கேள்வி.

2016ம் வருஷம் ஜூலை 22ம் தேதி காலையில், தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட இந்திய விமானப் படையின் ஏ.என்.-32 விமானம் வங்காள விரிகுடாவின்மேல் காணாமற்போயிற்று. அதில் 29 பேர் இருந்தனர். கப்பல்களும் விமானங்களும் பல நாட்கள் தேடின, ஒன்றும் அகப்படவில்லை. அந்த 29 குடும்பங்களும் ஏழு வருஷங்களுக்குமேல் எந்தத் திட்டமான செய்தியுமின்றி இருந்தன. 2024 ஜனவரியில்தான், சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில், அவ்விமானத்தின் சிதைவுகள் கிடக்கும் படங்கள் வெளியாயின. அவற்றை எடுத்தது மனிதரில்லாமல் தானே மூழ்கித் தானே எழும் ஒரு யந்திரக் கலம். சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் அதை இயக்கியது. அந்த நிறுவனத்தாரின் திறமையையும் பொறுமையையும் எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் அந்தக் கலம் நம்முடையதன்று; நார்வே தேசத்துக் காங்ஸ்பெர்க் கம்பெனி செய்தது. நம்மவர் மாய்ந்த இடத்தை நம் கடலிலேயே கண்டறிவதற்கு நாம் ஒரு வடதேசத்துப் பட்டறையை நாட வேண்டியிருந்தது. இதில் வெட்கப்பட வேண்டியது ஒன்றுமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். வெட்கம் வேண்டாம், யோசனை வேண்டும்.

நம்மவர் கையாலாகாதவர்கள் என்பது எமது கருத்தன்று. 1993 நவம்பரில் தோன்றிய அதே நிறுவனம், ரஷ்ய நிபுணர்களின் ஒத்துழைப்போடு ‘ரோசப் 6000’ என்ற கலத்தை உருவாக்கி, 2010ல் மத்திய இந்து சமுத்திரத்தில் 5,289 மீட்டர் ஆழத்துக்கு இறக்கிக் காட்டியது. துருவப் பிரதேசத்துக்கென அவர்கள் செய்த சிறு கலம் அண்டார்டிகாவின் நீரிலும் மூழ்கி வந்திருக்கிறது. ‘வராஹா’ என்ற சக்கர யந்திரம் 2021ல் 5,270 மீட்டர் ஆழத்துத் தரையில் ஊர்ந்தது. ஆகவே கலம் செய்ய நமக்குத் தெரியும். கலத்தின் உறுப்புக்களை ஒன்றோடொன்று பேசவைக்கும் அந்தச் சிறு மூட்டுத்தான் நம் பலவீனம்.

அது ஏன் அவ்வளவு கஷ்டமான வேலை என்பதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். காற்றில் ரேடியோ அலை எத்தனை மைல் வேண்டுமானாலும் போகும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அந்த அலையை விழுங்கிவிடுகிறது. சில அடிகளுக்குள் அது செத்துப்போகும். ஒலி போகும். ஆனால் அது வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர்தான் செல்லும். ஆறாயிரம் மீட்டருக்கு அடியிலிருந்து ஒரு சொல் மேலே வந்துசேர நான்கு வினாடி ஆகும். அப்படி வருவதிலும் எதிரொலியும் இரைச்சலும் கலந்துவிடும். தந்தி வாசகம் போன்ற சிறு செய்தி அனுப்ப இது போதும். ஓடும் படங்களை அனுப்பப் போதாது. எனவே கப்பலிலிருந்து நடத்தப்படும் கலத்துக்குக் கண்ணாடி இழை பொதிந்த நீண்ட கேபிள் ஒன்று தாயின் தொப்புள்கொடிபோல் கீழே இறங்குகிறது. அதன் வழியே மின்சாரம் கீழே போகிறது; படமும் அளவும் மேலே வருகின்றன. கேபிள் இல்லாமல் தானே திரியும் கலத்துக்கும் மூட்டிலிருந்து விடுதலை இல்லை. அதன் காமிராவும், ஒலிக்கருவியும், மின்கலமும், கணக்கிடும் மூளையும் வெவ்வேறு உலோகக் கூடுகளில் இருக்கின்றன. ஒரு கூட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி போக வேண்டுமானால் ஒவ்வொரு கூட்டின் சுவரிலும் துளையிட்டுக் கம்பியை வெளியே எடுத்தாக வேண்டும். துளையிட்டாகிவிட்டதா? இனி அத்துளையை அடைப்பதே காரியம்.

அடைப்பது என்றால் எதை எதிர்த்து? பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வாயுமண்டல வீதம் அழுத்தம் ஏறுகிறது. 6,000 மீட்டரில் ஒரு விரல் நகம் அளவான இடத்தின்மீது சுமார் 600 கிலோகிராம் எடை அழுத்திக்கொண்டிருக்கும். சாத்துக்குடி அளவான ஒரு மூட்டின்மீது எத்தனை டன் என்று நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். கடையில் விற்கும் கைக்கடிகாரத்திலும் டெலிபோனிலும் ‘நீர் புகாது’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அந்த வாசகத்தை நம்பிக் குளத்தில் இறங்குபவரும் உண்டு. கடலடிக்கு அந்த வாசகம் பொருந்தாது.

அழுத்தம் ஒன்றுதான் பகை என்றும் எண்ணிவிடக் கூடாது. சென்னை வெயிலில் கப்பலின் மேல்தளத்தில் காய்ந்துகொண்டிருந்த ரப்பர், சில மணி நேரத்துக்குள் ஒன்றிரண்டு டிகிரி குளிருக்குள் போகிறது. ரப்பர் விறைக்கிறது, உலோகம் சுருங்குகிறது, இரண்டும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. 1986 ஜனவரி 28ம் தேதி அமெரிக்காவின் ‘சாலஞ்சர்’ விண்கலம் எரிந்து விழுந்து ஏழு பேர் மாண்டதற்குக் காரணம் குளிரில் விறைத்த ரப்பர் வளையம் என்பது உலகறிந்த விஷயம். கடலடி இணைப்புகளில் போடுவதும் அதே ஜாதி வளையந்தான். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1937ல் பேடண்டு கேட்டு விண்ணப்பித்த அந்த எளிய வளையத்தின்மேல் இன்று எத்தனை கோடி மதிப்புள்ள யந்திரங்கள் தொங்குகின்றன!

இன்னொரு பகை மிகவும் தந்திரமானது. உப்புநீரில் உலோகம் துருப்பிடிக்காதிருக்க அதோடு துத்தநாகக் கட்டியைப் பிணைப்பது வழக்கம். துத்தநாகம் தான் கரைந்து மற்றதைக் காக்கும். ஆனால் அப்படிக் காக்கும்போது நடைபெறும் ரசாயன மாறுதலே, ரப்பரையும் உலோகத்தையும் ஒட்டியிருக்கும் பசையை உள்ளுக்குள் மெல்ல மெல்லத் தின்கிறது. வெளியே பார்த்தால் மூட்டு புத்தம்புதிதுபோல் இருக்கும். உள்ளே ரப்பர் உரிந்து நீருக்கு வழி விட்டிருக்கும். காவலனே கதவைத் திறந்துவிட்ட கதை. இதை அறியாமல், ‘நல்ல ரப்பர், நல்ல எஃகு, நல்ல பசை’ என்று மூன்றையும் தனித்தனியே சோதித்துத் திருப்தியடைபவர் ஏமாந்துபோவது நிச்சயம்.

கண்ணாடி இழையின் மூட்டோ இன்னும் நுட்பமானது. ஒளி ஓடும் அதன் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த பருமன் உள்ளது. இரண்டு இழைகளின் முகங்களும் அந்த அளவுக்கு நேராகச் சந்திக்க வேண்டும். இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு மண்துகள் உட்கார்ந்தால் ஒளி நின்றுவிடும். தண்ணீருக்குள்ளேயே பூட்டித் திறக்கும் வகை இணைப்பில், எண்ணெய் நிரம்பிய சிறு அறை ஒன்றை உள்ளே வைத்து, நுழையும் முனையை அந்த எண்ணெயே துடைத்துச் சுத்தம் செய்யும்படி அமைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நம் கிணற்று மெக்கானிக்கை மறுபடியும் நினைக்கத் தோன்றுகிறது. ஆழத்தை வெல்லும் வழி அதை எதிர்த்து முட்டிக்கொள்வது மட்டுமன்று. உள்ளேயும் வெளியேயும் அழுத்தத்தைச் சமமாக்கிவிட்டால் முட்டல் பாதி தீர்ந்தது. கடலடிக் கலங்களில் வயர்களும் மோட்டார்களும் உள்ள பெட்டியை எண்ணெயால் நிரப்பி, வளைந்து கொடுக்கும் ரப்பர்த் தோல் ஒன்றின் மூலம் வெளி அழுத்தம் உள்ளேயும் பரவும்படி விடுகிறார்கள். கோயமுத்தூரில் செய்யப்படும் நீர் நிரப்பும் மோட்டாரை இறக்குவதற்குமுன் மெக்கானிக் என்ன செய்கிறார்? அதற்குள் சுத்தமான தண்ணீரை நிரப்புகிறார். அடியில் ஒரு ரப்பர்த் தோல் இருக்கிறது. தத்துவம் ஒன்றே. பெயர் தெரியாமலே நம் கிராமங்களில் ஆயிரக்கணக்கானவர் இந்த வித்தையைக் கையாளுகிறார்கள். இதைக் கேவலமாக நினைக்கும் படிப்பாளிகளுக்குக் கடலடி விஷயத்தில் எதுவும் விளங்காது.

இவ்வளவு நுட்பமான இணைப்புகளை உலகச் சந்தைக்குச் செய்து தருபவை பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், டென்மார்க், ஜெர்மனி முதலிய சில தேசங்களின் கம்பெனிகளே. நம் கலங்களும் பெரும்பாலும் அவர்களையே நம்பியிருக்கின்றன. காசு கொடுத்தால் கிடைக்கும் சரக்குத்தானே என்று கேட்கலாம். எப்போதும் கிடைக்குமா என்பதுதான் பிரச்னை. 1996ல் தோன்றிய வாஸனார் உடன்படிக்கை, போருக்கும் பயன்படக்கூடிய சரக்குகளுக்கு ஒரு ஜாபிதா வைத்திருக்கிறது. ஆயிரம் மீட்டருக்குக் கீழே செல்லும் கலங்களுக்கான, கண்ணாடி இழையும் செயற்கை நார் வலுவும் கொண்ட தொப்புள்கொடிக் கேபிளும் அதற்கான இணைப்புகளும் அந்த ஜாபிதாவில் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டிருக்கின்றன. அதாவது, விற்பவருக்கு மனமிருந்தாலும் அவருடைய சர்க்காரின் லைசென்ஸ் வேண்டும். 2017 டிசம்பரில் இந்தியாவும் அவ்வுடன்படிக்கையில் ஓர் அங்கத்தினராகிவிட்டது. அதனால் வாங்குவது முன்னைவிடச் சுலபமாகியிருக்கலாம். ஆயினும் லைசென்ஸ் கொடுக்கும் பேனா இன்னும் பிறர் கையில்தான் இருக்கிறது.

பேனா பிறர் கையில் இருந்தால் என்ன நேரும் என்பதை நாம் ஒருமுறை பார்த்தாகிவிட்டது. ராக்கெட்டின் குளிர்நிலை எஞ்ஜின் நுட்பத்தைத் தருவதாக ரஷ்யா செய்த ஒப்பந்தம், அமெரிக்காவின் நிர்ப்பந்தத்தால் 1993ல் முறிந்தது. எஞ்ஜின்கள் சில வந்தன, வித்தை வரவில்லை. நம் விஞ்ஞானிகள் தாமாகவே அந்த எஞ்ஜினைச் செய்து, 2014 ஜனவரி 5ம் தேதி ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் வெற்றிகரமாகப் பறக்கவிட இருபது வருஷங்களுக்குமேல் பிடித்தது. இன்னும் பழைய உதாரணமும் உண்டு. 1858ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கம்பி சில வாரங்களுக்குள் செத்துப்போனதற்குக் காரணம், அதன் உறை பழுதானதும், அதற்குத் தகாத மின்விசையைச் செலுத்தியதுமே. பிறகு மலாய்க் காட்டு மரங்களின் பாலான கட்டா பெர்ச்சாவைக் கொண்டு உறையிடும் வித்தையில் பிரிட்டிஷார் தேர்ந்தார்கள். 1871ல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் அந்த வித்தையே தந்தியால் இணைத்தது. மரம் ஆசியாவினுடையது, வித்தை லண்டனுடையது. 1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்ட மறுநாளே ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளைப் பிரிட்டிஷ் கப்பல் ஒன்று அறுத்துவிட்டது. கடலடியில் யாருடைய கை நீளமோ அவர்களே அன்று உலகத்தின் செய்தியைக் காவல் புரிந்தார்கள்.

சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906ல் தூத்துக்குடியில் சுதேசி நாவாய்ச் சங்கம் கண்டபோது, பங்குப் பணம் சுதேசியாக இருந்தது, மாலுமிகளின் மனம் சுதேசியாக இருந்தது. ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களும் ஐரோப்பாவிலிருந்தே வர வேண்டியிருந்தன. நம் மண்ணில் பெரிய நீராவிக் கப்பல்களைக் கட்டும் துறை அன்று போதிய அளவு வளர்ந்திருக்கவில்லை. அவர் செய்தது தவறென்று யாரும் சொல்லமாட்டார்கள். கப்பல் வாங்கி ஓட்டாமல் துறை கட்டும்வரை காத்திருந்தால் ஒன்றுமே நடந்திராது. ஆனால் அதோடு நின்றுவிடவும் முடியாது என்பதை அறிந்து, விசாகப்பட்டணத்தில் ‘ஜல உஷா’வைக் கட்டிக் கடலில் இறக்குவதற்கு 1948 மார்ச் ஆயிற்று. வாங்குவதும் செய்வதும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. முன்னது பின்னதற்கு அவகாசம் தருவது. அவகாசத்தை வீணாக்கினால் குற்றம்.

இப்போது நமக்கு அந்த அவகாசம் கிடைத்திருக்கிறது. 2021 ஜூனில் இந்திய மந்திரிசபை, ஆழ்கடல் திட்டத்துக்கு ஐந்து வருஷ காலத்துக்கென 4,077 கோடி ரூபாய் அனுமதித்தது. மூன்று மனிதரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல ‘மத்ஸ்யா 6000’ என்ற கலத்தைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் அமைத்து வருகிறார்கள். அவர்கள் அமரும் கோளம் டைட்டேனியத்தாலானது, உட்குறுக்களவு 2.1 மீட்டர், சுவரின் கனம் 80 மில்லிமீட்டர். அதைச் செய்வதற்கு இஸ்ரோ கைகொடுத்தது. 2025 ஜனவரி–பிப்ரவரியில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அக்கலத்தை நீரில் இறக்கிச் சோதித்தார்கள். துறைமுகத்தில் ஆழம் குறைவாதலால் ஒலிவழிப் பேச்சு மட்டும் எதிர்பார்த்த அளவுக்குத் திருப்திகரமாயில்லை என்று சர்க்கார் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அதே வருஷம் ஆகஸ்டில் நம்மவர் இருவர் பிரான்ஸின் ‘நாட்டீல்’ கலத்திலேறி அட்லாண்டிக் கடலில் மூழ்கி அனுபவம் பெற்றுவந்தார்கள். ஒருவர் 5,002 மீட்டர் வரை சென்றார். மெச்சத்தக்க முயற்சிகள். ஆனால் மத்ஸ்யாவின் 80 மில்லிமீட்டர்ச் சுவரிலும் கம்பிகள் வெளியேறத் துளைகள் இருக்கின்றன. மனிதரில்லாக் கலத்தில் மூட்டுப் பழுதானால் பணம் போகும். அந்தக் கோளத்துக்குள் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆட்சேபம் ஒன்றைக் கவனிப்போம். ‘ஒரு கலத்துக்குச் சில நூறு இணைப்புகள் வேண்டியிருக்கும், நம்மிடம் இருக்கும் கலங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை, இதற்காக ஒரு தொழிற்சாலையா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கணக்கு அறிந்தவர்களின் கேள்வி இது, தள்ளிவிடத் தக்கதன்று. ஆழ்கடல் ஒன்றை மட்டும் நம்பி இத்தொழில் பிழைக்காது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் அவர்கள் கணக்கெடுத்த இடம் தப்பு. கடலைப் பார்க்கிறார்கள், கிணற்றைப் பார்க்கவில்லை.

இந்த ராஜ்யத்தில் எத்தனை கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிகள் நீர்மூழ்கி மோட்டாரால் நிரம்புகின்றன! எத்தனை வயல்கள் அவற்றையே நம்பியிருக்கின்றன! அவற்றில் ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மூட்டு தண்ணீருக்குள் இருக்கிறது. இன்றைக்கு அது டேப்பால் சுற்றப்படுகிறது. சுற்றுபவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து அதன் ஆயுள். இதற்குப் பதிலாக, தொழிற்சாலையிலேயே ரப்பரை உருக்கி வார்த்து, சோதித்து, முத்திரையிட்ட இணைப்பு ஒன்று நியாயமான விலைக்குக் கிடைத்தால், அதன் தேவை நூற்றுக் கணக்கில் நில்லாது. நூறு மீட்டர் ஆழத்துக்கு, அதாவது பத்து வாயுமண்டலத்துக்கு, நல்ல மூட்டு செய்யக் கற்ற பட்டறை அதில் வரும் லாபத்தைக் கொண்டு ஐம்பது வாயுமண்டலத்துக்கு முயலும். கிணறு, பிறகு அணை, பிறகு துறைமுகம், பிறகு கடல். ஏணியின் கீழ்ப்படியே இல்லாமல் மேல்படிக்குத் தாவச் சொல்வதால்தான் நம் பட்டறைக்காரர்கள் மிரண்டு நிற்கிறார்கள்.

அணையென்றதும் சாத்தனூர் நினைவுக்கு வரும். 1958ல் முடிந்த அந்த அணை, தென்பெண்ணையின் குறுக்கே, இந்த ஜில்லாவுக்குள்ளேயே நிற்கிறது. 2024 டிசம்பர் ஆரம்பத்தில் பெஞ்சல் புயல் மழையின்போது அங்கிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை நீர் வெளிவிடப்பட்டதும், கீழே உள்ள ஊர்கள் பட்ட பாடும் நேயர்கள் அறிந்ததே. இவ்வளவு வயதான அணைகளின் சுவரையும் மதகுகளையும் நீர்மட்டத்துக்குக் கீழே பரிசோதிக்க மனிதரை மூழ்கவைப்பது அபாயகரமான வழக்கம். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2015ல் ஆரம்பித்த பிளேனிஸ் என்ற கம்பெனி இம்மாதிரிப் பரிசோதனைக்கென்றே சிறு கலங்களைச் செய்கிறது. அணைக்கு ஆழம் சில பத்து மீட்டர்தான், தண்ணீர் நன்னீர், கலம் பழுதானால் கரைக்கு இழுத்துவிடலாம். தமிழ்ப் பட்டறையில் செய்த இணைப்பு முதல் பரீட்சை எழுதுவதற்கு இதைவிடத் தகுந்த பள்ளிக்கூடம் கிடைக்காது.

இதில் சர்க்கார் செய்யவேண்டியது தொழிற்சாலை கட்டுவதன்று. பள்ளிக்கரணையில் உயர் அழுத்தச் சோதனைக் கலம் இருக்கிறது. ஒரு சிறு பட்டறைக்காரர் தாம் வார்த்த பத்து மூட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போய், சொற்பக் கட்டணத்துக்குச் சோதித்து, எது எந்த அழுத்தத்தில் ஏன் போயிற்று என்று தமிழில் எழுதிய குறிப்போடு திரும்பிவர முடியவேண்டும். அந்த ‘ஏன்’தான் முக்கியம். தேறியது, தவறியது என்று இரண்டு சொல்லில் சீட்டுக் கொடுத்தால் யாரும் எதுவும் கற்கமாட்டார்கள். ஐ.டி.ஐ.களில் வெல்டிங்குக்கு வகுப்பு இருக்கிறது, வயரிங்குக்கு வகுப்பு இருக்கிறது. ரப்பரையும் உலோகத்தையும் நீர் புகாமல் ஒட்டுவதற்கும், கண்ணாடி இழையின் முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கிச் சேர்ப்பதற்கும் ஆறு மாதப் பயிற்சி வைத்தால் என்ன? செய்யாறு சிப்காட்டில் காலணித் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ரப்பரும் பசையும் அச்சும் புதிதல்ல. கைத்திறமை ஜில்லாவுக்குள்ளேயே இருக்கிறது. அதை வேறு துறைக்குத் திருப்பும் யோசனைதான் யாருக்கும் எழவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் மிகவும் கண்டிப்பாயிருக்க விரும்புகிறோம். சுதேசி என்பதற்காகத் தவறிய மூட்டைத் தேறியதாக எழுதிக்கொடுக்கக் கூடாது. 1963 ஏப்ரலில் அமெரிக்காவின் ‘திரெஷர்’ என்ற நீர்மூழ்கிக் கப்பல் 129 பேருடன் மூழ்கியது. குழாய் மூட்டு ஒன்று விட்டுக்கொடுத்து, பீறிட்ட கடல்நீர் மின்சாரப் பலகைகளை நனைத்து, எஞ்ஜின் நின்றுபோயிருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவாயிற்று. அதற்குமுன் சோதித்த மூட்டுகளிலேயே பல தரமற்றவையென்று தெரிந்தும் கப்பல் கடலுக்குப் போயிற்று. அந்த வருஷமே அமெரிக்கக் கடற்படை, நீர் தொடும் ஒவ்வொரு மூட்டுக்கும் யார் செய்தது, யார் சோதித்தது என்று எழுத்துமூலம் அத்தாட்சி இல்லாமல் கப்பலை மூழ்கவிடக் கூடாது என்ற விதியை ஏற்படுத்திக்கொண்டது. தேசபக்தியால் ரப்பர் கெட்டிப்படாது. அன்னியச் சரக்கைச் சோதிப்பதைவிட இரு மடங்கு கடுமையாக நம் சரக்கைச் சோதிக்க வேண்டும். தவறியதை வெட்கமில்லாமல் தவறியதென்று சொல்ல வேண்டும். அந்த ஏட்டை மற்ற பட்டறைக்காரர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இவ்வளவுக்கும் டில்லியின் தயவு முழுவதும் வேண்டுமென்பதில்லை. 1971 முதல் நடைபெறும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கிராமக் குடிநீர்த் திட்டங்களைச் செய்துவருகிறது. மோட்டார் வாங்குவதற்கு அது டெண்டர் விடும்போது, ‘தண்ணீருக்குள் இருக்கும் கேபிள் மூட்டு தொழிற்சாலையில் வார்க்கப்பட்டுச் சோதிக்கப்பட்டதாயிருக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்க்கலாம். முதலில் ஒரு ஜில்லாவில் செய்து பார்க்கலாம். அதற்கு இந்தப் பாறை நாட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. எத்தனை மோட்டார்கள் ஜாயிண்ட் போனதற்காக மேலே இழுக்கப்பட்டன என்ற கணக்கை இரண்டு கோடைக்காலம் எழுதிவைத்தால், மிச்சமான பணம் எவ்வளவென்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஜில்லா கலெக்டர் ஆபீஸ் வேங்கிக்காலிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்க நம் சட்டசபை அங்கத்தினர்களும் தொண்டர்களும் தூரப்பிரயாணம் செய்யவேண்டியதில்லை. டெண்டரில் ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் அவசியமுமில்லை.